மட்டக்களப்பில் கள்ளும் தேநீரும்

ஞாயிறு, கொழும்பு கோட்டை ரயில் நிலையம்

இலங்கையின் மட்டக்களப்பில் செய்யும் களப்பணிக்காக எங்கள் பேராசிரியர் கொடுத்த தலைப்புகளில் களப்பு (காயல்) மீன்பிடி இருந்தது, பன்பாய் பின்னுதல் இருந்தது, வடமோடிக் கூத்தும் இருந்தது. நான் கள்ளைக் கேட்டு வாங்கினேன். ஒரு பெண் கள்ளைப் பற்றி எழுதப் போகிறாளா என்று வகுப்பில் முணுமுணுப்பு எழுந்தது. எழட்டும். உடன்குடிப் பக்கம் பனையேறியாக வாழ்ந்தவரின் பேத்தி நான். இந்தத் தலைப்பில் என்னைவிட உரிமை உள்ளவர் எங்கள் வகுப்பில் எவரும் இல்லை.

தமிழ்நாட்டில் 1987 ஜனவரி முதல் கள் இறக்குவது குற்றம். பதநீர் இறக்கலாம், கருப்பட்டி காய்ச்சலாம். முட்டியில் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் அது கள்ளாகிவிடும். பனையேறி குற்றவாளி ஆகிவிடுவார். அதே மாநிலத்தில் 2003 முதல் பிராந்தியையும் ரம்மையும் அரசே டாஸ்மாக் கடை வைத்து விற்கிறது. பனை எங்கள் மாநில மரம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாத்தா ஏறிய மரங்களில் பல செங்கல் சூளைக்கு விறகாகப் போய்விட்டன. கள் குற்றமாக இல்லாத ஒரு தமிழ் ஊரில் அந்தத் தொழில் எப்படி இருக்கிறது, அங்கே மக்கள் எப்படிக் குடிக்கிறார்கள் என்று பார்க்கத்தான் கடல் தாண்டி வந்திருக்கிறேன். இரவு ரயிலில் இடம் கிடைத்துவிட்டது. மீதி நாளை.

திங்கள், கல்லடி

வெலிக்கந்தை தாண்டியபோது விடிந்தது. புணானையில் காடு, வாழைச்சேனையில் பாலம், ஏறாவூரில் மசூதி மினார்கள், அதற்குப் பிறகு மட்டக்களப்பு. நகரத்தைச் சுற்றிலும் தண்ணீர்தான். களப்புக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிய மண்மேட்டில் ஊர்கள் வரிசையாகக் கிடக்கின்றன. களப்பின் கிழக்கே இருப்பது எழுவான்கரை, மேற்கே வயல்கள் விரியும் பக்கம் படுவான்கரை.

கல்லடியில் ஒரு வீட்டு மாடியில் தங்குகிறோம். பையை இறக்கி வைப்பதற்குள் வீட்டுக்கார அம்மா எல்லோருக்கும் பிளேன்டீ கொண்டுவந்துவிட்டார். பால் இல்லாத, நன்றாகச் சிவந்த தேநீர். பக்கத்தில் சிறு தட்டில் பனங்கட்டித் துண்டுகள். ஒரு கடி, ஒரு மிடறு என்று குடிக்க வேண்டும். இங்கே யாரும் “டீ குடிக்கிறீர்களா?” என்று கேட்பதில்லை. திண்ணையில் உட்கார்ந்தால் வந்துவிடுகிறது. மரண வீட்டில் இரவெல்லாம் கண்விழிப்பவர்களுக்கும் இதுதான் என்று அந்த அம்மா சொன்னார். குடிப்பழக்கத்தை ஆராய வந்தவர்கள் முதலில் இதை எழுதிக்கொள்ள வேண்டும் என்று பேராசிரியர் சொன்னபோது சரியென்றே பட்டது. ஓர் ஊரில் பகிர்ந்து குடிக்கும் பானம் எது என்று கேட்டால், இங்கே பதில் தேநீர்தான்.

செவ்வாய், வந்தாறுமூலை

கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களோடு இன்று பகல் முழுவதும் பேச்சு. எங்களைவிட அவர்கள் நன்றாகத் தயாராகி வந்திருந்தார்கள். இலங்கையில் மதுவை இன்னும் ஆள்வது 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் எழுதிய சட்டத்துக்கு மேல் அறிவித்தல்களாக ஒட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். கள் சீவ அனுமதி வேண்டும், விற்கத் தவறணைக்கு (கள்ளுக்கடைக்கு) அனுமதி வேண்டும். 2006இல் வந்த சட்டப்படி 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. பௌர்ணமி தோறும் வரும் போயா நாளில் எல்லா மதுக்கடைகளும் மூடியிருக்க வேண்டும்.

அடுத்து அவர்கள் சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 1979ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தல் ஒன்று தவறணையில் பெண்ணுக்கு மது விற்பதையும் கொடுப்பதையும் தடைசெய்கிறது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அந்தத் தடையை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெற உத்தரவிட்டார். பெண்கள் சிலர் நீதிமன்றம் போனார்கள்.

எனக்குக் குடிக்க வேண்டும் என்ற ஆவல் பெரிதாக இல்லை. ஆனால் குடிப்பதா வேண்டாமா என்பதை நான் தீர்மானிக்க வேண்டும். ஆண் குடித்துவிட்டு வந்து அடித்தால் அதைத் தடுக்க விரைந்து வராத சட்டம், பெண் ஒரு போத்தல் வாங்கிவிடக் கூடாது என்பதில் மட்டும் இவ்வளவு விழிப்பாக இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இதை அங்கேயே சொன்னேன். எதிரே இருந்த மாணவி ஒருத்தி, “எங்கள் அம்மாமாரிடம் கேட்டுப் பாருங்கள் அக்கா, தடை நல்லது என்றும் சொல்வார்கள்” என்றாள். கேட்கத்தான் வேண்டும்.

மாலையில் காத்தான்குடி. நடுவீதியில் பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கின்றன. முஸ்லிம் மக்களின் ஊர். மதுக்கடை ஒன்றும் கண்ணில் படவில்லை. தேநீர்க் கடைகளில் பால் தேநீரை ஆற்றி ஆற்றி நுரை பொங்கக் கொடுக்கிறார்கள். மஃரிப் (மாலை) தொழுகை முடிந்ததும் கடைகள் நிரம்பிவிட்டன. தேநீரை நடுவில் வைத்துக்கொண்டு, அரசியலிலிருந்து மீன் விலை வரை, மணிக்கணக்கில் பேசுகிறார்கள். பேச்சு வளர போதை வேண்டும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கடைகளில் ஒரு மாலை உட்கார்ந்து பார்க்கலாம்.

புதன், ஏறாவூருக்குக் கிழக்கே கடலோரம்

இன்றைக்காகத்தான் வந்தேன் என்று சொல்லலாம்.

விடிவதற்கு முன்பே போய்விட்டோம். சீவல் தொழில் செய்யும் ஐயாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இடுப்பில் கத்திக்கூடு, கையில் தளநார். பனையை எதிர்பார்த்துப் போன எனக்கு இங்கே தென்னைதான் முதலில் கிடைத்தது. விரியாத பாளையை நாரால் இறுகச் சுற்றிக் கட்டி, சிறு கட்டையால் நாலாபக்கமும் மெல்லத் தட்டிக்கொண்டே வருகிறார்கள். சில நாட்கள் தட்டிய பிறகே பாளை நெகிழ்ந்து கொடுக்கும். பிறகு நுனியைச் சீவி, முட்டியைக் கட்டிவிடுவது. காலையும் மாலையும் ஏறி ஒரு மெல்லிய வில்லை அளவு சீவிவிட வேண்டும். ஒரு வேளை தவறினால் வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதனால் இந்தத் தொழிலுக்கு விடுமுறை கிடையாது. காய்ச்சல் வந்தாலும் ஏற வேண்டும், மகளுக்குக் கல்யாணம் என்றாலும் ஏற வேண்டும்.

அவர் இறங்கி வந்து முட்டியைக் கவிழ்த்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பன்னாடையை மடித்துப் பாத்திரத்தின் வாயில் வைத்து ஊற்றினார். பால் கலங்கிய நிறம். செத்த தேனீக்கள் நாலைந்து, எறும்புகள், பூந்துகள் எல்லாம் பன்னாடையில் தங்கின. ஊற்றும்போதே நுரை கிளம்பியது. சுண்ணாம்பு தடவாத முட்டியில் சாறு விழ விழவே காற்றிலும் பாளையிலும் உள்ள ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடுகிறது. இரவெல்லாம் சொட்டியது காலையிலேயே பாதி கள். மதியத்துக்குள் இனிப்புக் குறைந்து வேகம் ஏறும். மறுநாள் புளிக்கும். இன்னும் விட்டால் வினாகிரி. இந்த வரிசையில் எந்த நேரத்தில் எதற்குப் பயன்படும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

சிரட்டையில் கொஞ்சம் ஊற்றி என்னிடம் நீட்டினார். “பழக்கம் இல்லாவிட்டால் ஒரு மிடறு போதும் மகள்.” இனிப்பு முதலில், அடியில் லேசான புளிப்பு, மூக்கில் ஏறும் காரம். பதநீரின் ருசி உள்ளே எங்கோ இருந்தது. சிரட்டையை முழுதும் முடித்தேன். நன்றாக இருந்தது.

களுத்துறைப் பக்கம் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, மேலேயே நடந்து சீவுவார்கள் என்று சொன்னார். இங்கே அப்படி இல்லை, ஒவ்வொரு மரமாக ஏறி இறங்க வேண்டும். மகன்கள் ஏறுகிறார்களா என்று கேட்டேன். ஒருவர் கத்தாரில், ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார். “படித்த பிள்ளைகள் மரம் ஏறுவார்களா? ஏறினால் பெண் கொடுப்பார்களா?” என்று கேட்டார். இந்த இடத்தில் என் கணக்கு ஒன்று உடைந்தது. தடை இல்லாவிட்டால் தொழில் தழைக்கும் என்று ஊரில் பலமுறை வாதாடியிருக்கிறேன். தடை இல்லாத ஊரிலும் கத்தியை வாங்கிக்கொள்ள அடுத்த கை இல்லை. சட்டம் மரத்தில் ஏற அனுமதிக்கிறது. ஏறுபவரை மதிக்க ஊர் கற்றுக்கொள்ளவில்லை. சீவுபவரைச் சாதி சொல்லித் தள்ளி வைக்கும் பழக்கம் கடலுக்கு அந்தப் பக்கம் மட்டும்தான் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வீட்டுக்குள் அவருடைய மனைவி காலையிலேயே அப்பத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தார். இடித்து அரித்த அரிசி மாவில் தண்ணீருக்குப் பதில் புதுக் கள். சோடாவும் இல்லை, கடை ஈஸ்டும் இல்லை. மூடி வைத்த சட்டி மாலையில் மூடியைத் தூக்கும் அளவுக்குப் பொங்கியிருந்தது. தேங்காய்ப்பால் விட்டு இளக்கி, குழிந்த அப்பச்சட்டியில் ஒரு கரண்டி ஊற்றிச் சுழற்றினார். ஓரம் மெல்லிய வலையாக முறுகி, நடுவில் பஞ்சு போல் எழும்பியது. கட்டைச் சம்பலோடு சாப்பிட்டோம். போதை எல்லாம் சூட்டில் பறந்துவிடும், புளிப்பின் மணம் மட்டும் தங்கும். குழந்தைகள் சாப்பிட்டார்கள், மாமி சாப்பிட்டார், பக்கத்து வீட்டுக்கும் ஒரு தட்டு போனது. தமிழ்நாட்டில் கள்ளைப் பற்றி நடக்கும் விவாதங்களில் அடுப்பங்கரையைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. கள் என்றால் ஆண்கள் குந்திக் குடிப்பது என்று மட்டுமே எண்ணுகிறோம். இந்த வீட்டில் அது மாவைப் பொங்க வைக்கிறது, ஊறுகாய்க்கு வினாகிரி ஆகிறது, அதே சாற்றைச் சுண்ணாம்பிட்டு எடுத்துக் காய்ச்சினால் பாணி என்ற பாகு ஆகிறது. அத்தனையும் பெண்களின் கைவேலை.

காலைக் கள்ளில் வீட்டுக்கு எடுத்தது போக மீதி சைக்கிளில் தவறணைக்குப் போனது. நாங்களும் பின்னால் போனோம். தகரக் கூரை, உட்கார இரண்டு வாங்குகள், அளக்கும் மேசை. வாசலில் நிற்கும்போதே நிர்வாகி எழுந்து வந்து, “நீங்கள் உள்ளே வரக் கூடாது மகள், சட்டம் அப்படி” என்று வருத்தத்தோடுதான் சொன்னார். என் வகுப்புத் தோழன் உள்ளே போய் உட்கார்ந்து, பேசி, குறிப்பெடுத்து வந்தான். “எங்கே இருந்து மனே?” என்று ஆரம்பித்து, தூத்துக்குடி என்றதும் கப்பல், உப்பு, கிரிக்கெட் என்று பேச்சு ஓடியிருக்கிறது. குடித்தவர்களில் கட்டட வேலைக்காரர், மீனவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். ஒரு போத்தல், இரண்டு போத்தல், பிறகு வீடு. அவன் சொன்னதைத்தான் எழுதுகிறேன். என் கண்ணால் பார்த்து எழுத வேண்டியதை இன்னொருவர் கண்ணால் எழுதுகிறேன் என்ற கசப்பு எனக்கு உண்டு.

வியாழன், போயா

நேற்று மாலை நகரத்து மதுபானசாலை முன் வரிசை வீதி வரை நின்றது ஏன் என்று இன்று புரிந்தது. எல்லாக் கடையும் மூடல்.

வைகாசி மாதம். கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் ஊர்களில் மீன், இறைச்சி, மது மூன்றும் விலக்கு. எங்கள் பக்கம் கண்ணகியைப் பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். இங்கே ஆண்டுக்கு ஒருமுறை கோயில் கதவைத் திறந்து, காவியம் பாடி, குளிர்த்தி பாடி, அவளுடைய கோபத்தைத் தணிக்கிறார்கள். நேற்றைய ஐயாவும் சடங்கு முடியும்வரை கள்ளைத் தொடுவதில்லை என்று சொல்லியிருந்தார். மரம் மட்டும் நிற்காது. அந்த நாட்களின் சாற்றைச் சுண்ணாம்பிட்டு எடுத்துப் பாணியாகக் காய்ச்சிவிடுகிறார்கள்.

இரவு கல்லடிப் பாலம். ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை, நிலவு நாட்களில் களப்புக்குள்ளிருந்து இசை கேட்கும் என்கிறார்கள். தோணிக்காரர் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மறுமுனையைக் காதில் வைக்கச் சொன்னார். ஏதோ கேட்டது. அது மீனா, சிப்பியா, தண்ணீரா என்று என்னால் சொல்ல முடியாது. எங்கள் தோணியில் இருந்த எல்லோரும் கேட்டதாகச் சத்தியம் செய்கிறார்கள்.

வெள்ளி, படுவான்கரை

குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் ‘பாதை’யில் கடந்தோம். இங்கே பாதை என்றால் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு களப்பைக் கடக்கும் தட்டையான மிதவை. இறங்கி, முருகன் கோயிலைப் பார்த்துவிட்டு, வயல்களுக்கு நடுவே ஓர் ஊருக்குப் போனோம். ஊர்ப் பெயரை அவர்கள் எழுத வேண்டாம் என்றார்கள்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கட்டடத்தில் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தேநீர் வந்தது. கள் நல்லதா கெட்டதா என்று தொடங்கினேன். தலைவி அக்கா என்னைத் தடுத்து, கள்ளைப் பற்றி இங்கே யாரும் அழவில்லை, கசிப்பைப் பற்றிக் கேளுங்கள் என்றார்.

கசிப்பு என்பது களவாகக் காய்ச்சும் சாராயம். சீனியையும் ஈஸ்டையும் ஊறப்போட்ட கோடாவை பீப்பாய்களில் புளிக்க வைத்து, காட்டு ஓரத்தில், ஆற்றுக் கரையில் வடிக்கிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வரிமேல் வரி ஏறி, போத்தல் சாராயத்தின் விலை கூலிக்காரருக்கு எட்டாமல் போனது. எட்டாத கை குடியை விடவில்லை, கசிப்பைப் பிடித்தது. ஒரு அக்கா வேறொன்றும் சொல்லாமல் தன் முன்கையை நீட்டிக் காட்டினார். எலும்பு முறிந்து கோணலாகப் பொருந்தியிருந்தது. அறுவடைக் கூலி கிடைத்த இரவில் நடந்தது. அவர் பெயரையோ ஊரையோ நான் எழுதவில்லை. கையை எழுதியாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

கள் குடித்துவிட்டு வருகிறவன் சோற்றைத் தின்று படுத்துவிடுவான் என்றார் ஒருவர். உடனே பின்வரிசையிலிருந்து இன்னொரு குரல்: “தின்னுவதற்குச் சோறு வேண்டுமே! கள்ளுக்கும் காசுதானே போகிறது?” அங்கே ஒரு வாக்குவாதமே நடந்தது. செவ்வாய்க்கிழமை மாணவி சொன்னது போலவே, பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்ற தடையை மூத்தவர்கள் பலர் ஆதரித்தார்கள். குடும்பத்தில் ஒருவர் குடித்தாலே இப்படி, இரண்டு பேர் குடித்தால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். நான் என் கருத்தைச் சொன்னேன். ஒரு இளம்பெண், “தடை போடுவதென்றால் அடிப்பவனுக்குப் போடட்டும்” என்றாள். கைதட்டல் அவளுக்குத்தான்.

இந்த மாவட்டத்துப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் மதுவுக்கு எதிராக வீதியில் இறங்குவது புதிதல்ல. 2017இல் கல்குடாப் பகுதியில் எதனோல் தொழிற்சாலை கட்டப்பட்டபோது மக்கள் ஊர்வலம் போனார்கள், செய்தி சேகரிக்கப் போன பத்திரிகையாளர்கள் தாக்கப்பட்டார்கள். இப்போது இந்தச் சங்கத்தாரின் கவலை பக்கத்தில் வரப்போவதாகச் சொல்லப்படும் புதிய மதுபானசாலை ஒன்று. கசிப்பை ஒழிக்க அனுமதி பெற்ற கடை வேண்டும் என்று ஒரு தரப்பு வாதாடுகிறதாம். தலைவி அக்காவின் பதில்: “கடை வந்தால் காசு இருக்கிற நாளில் கடை, இல்லாத நாளில் கசிப்பு. இரண்டும் நடக்கும்.”

என் நிலைப்பாட்டை இங்கே எழுதிவிடுகிறேன். புதிதாக இறங்கிய கள்ளும், வடித்த சாராயமும், கசிப்பும் மூன்று வேறு பொருட்கள். கள்ளில் போதை பியர் அளவுதான். போத்தல் சாராயத்தில் மூன்றில் ஒரு பங்கு போதை. புதுக் கள்ளை அன்றைக்கே குடித்தாக வேண்டும், பதுக்கி வைத்தால் புளித்துவிடும். அதன் லாபம் பெரும்பாலும் மரம் ஏறுபவரின் ஊரிலேயே தங்கும். போத்தல் சாராயத்தின் லாபம் எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் கள்மீதான தடை போக வேண்டும் என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இல்லை. ஆனால் இதுவரை இந்த வாதத்தை மரத்தடியில் நின்று மட்டும் பேசிவந்தேன். கூலி நாள் இரவில் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சேர்க்காமல் இனி என்னால் பேச முடியாது.

சனி, மட்டக்களப்பு ரயில் நிலையம்

அறிக்கையின் முதல் வரைவைக் காலையில் எல்லோரும் உட்கார்ந்து படித்தோம். தோழன் எழுதிய பகுதியில் ‘கள் குடிப்பவர்களால் குடும்பத்துக்குப் பாதிப்பு இல்லை’ என்று ஒரு வரி. தவறணைக்குள் ஆண்களிடம் மட்டும் கேட்டு அப்படி எழுத முடியாது என்று சண்டை போட்டேன். பேராசிரியர் அந்த வரியை அடித்துவிட்டு, பெண்கள் சொன்னவற்றைத் தனி அத்தியாயமாக எழுதும்படி என்னிடம் கொடுத்தார். பின்வரிசை அக்காவின் கேள்வியும் அதில் வரும்.

தலைவி அக்கா ஒன்று கேட்டிருந்தார். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தால் தங்களுக்குப் பயன்படாது. தமிழில் ஒரு பிரதி வேண்டும், பிரதேச செயலாளரிடம் கொடுக்கும் மனுவோடு இணைக்க வேண்டும் என்றார். அந்த அத்தியாயத்தைத் தமிழிலேயே முதலில் எழுதுகிறேன். மனு கொடுக்கும் தேதிக்கு முன் தபாலில் போய்ச் சேர வேண்டும் என்பதால், ரயில் கிளம்பியதும் வேலையைத் தொடங்க வேண்டும். சங்கத்தின் விலாசத்தைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.